முப்பது வயது மாருதி 800: ஆர்.சி. புதுப்பிப்பதா, புதுக் கார் வாங்குவதா?

பொருநைக்கரை (திருநெல்வேலி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1996 பிப்ரவரியில் பதிவு செய்யப்பட்ட மாருதி 800 எங்கள் வீட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021-இல் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்த பதிவுச் சான்று (ஆர்.சி.) 2026 பிப்ரவரியோடு முடிகிறது. அன்று புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். இருபது ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், வீட்டுக்கு வரும் உறவினர்கள் எல்லோரும் "இதைவிட நல்ல நேரம் வராது, தள்ளிவிட்டுப் புதியது எடு" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள்.

எங்கள் ஓட்டம் குறைவு. பாளையங்கோட்டைச் சந்தை, மருத்துவமனை, ரயில் நிலையம், எப்போதாவது மதுரை என்று ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டரைத் தாண்டாது. எஞ்சின் ஆயில் குடிக்கவில்லை, புகை இல்லை. கியர் மாற்றுவதிலும் சிக்கல் இல்லை. அப்பா வாங்கிய கார் என்ற பாசம் உண்டு, ஆனால் அதை இந்தக் கேள்வியிலிருந்து தள்ளி வைக்கிறேன். வண்டியை வைத்துக்கொள்வது சரியா, இல்லையா என்பதை எதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பட்டறைக்காரர் (கோவை) எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் எஞ்சினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பாடியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு காரின் ஆயுளை முடித்துவைப்பது எஞ்சின் அல்ல. 796 சி.சி., மூன்று சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சினை அக்கக்காகப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரை மறுபடி கடைந்து (ரீபோர்), பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, ஹெட்டை லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி மறுபடி கூட்டுவதற்குத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார்கள். கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், பிரேக் ஷூ எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. கதவு, பானெட், கண்ணாடி போன்றவை வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் கிடைக்கும். ஆல்டோ 800 கார் 2023 வரை இதே 12 அங்குலச் சக்கரத்தோடு வந்ததால் டயருக்கும் தட்டுப்பாடு இல்லை.

பாடி அப்படியல்ல. ஜீப்பில் தனியாக ஒரு சேசிஸ் இருக்கும். மேலே உள்ள கூண்டு துருப்பிடித்தாலும் அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். மாருதி 800-இல் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ஓரப்பட்டி, முன்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பர் வந்து உட்காரும் கோபுரம், கூரையைத் தாங்கும் தூண்கள் இவையெல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகளே வண்டியின் எலும்புக்கூடு. அவற்றில் எங்கே துரு ஏறியிருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை.

ஆகவே, பத்தாயிரம் ரூபாய் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். முன் இருக்கைகள், பின் இருக்கை எல்லாவற்றையும் கழற்றி, தரைவிரிப்பை முழுவதுமாக உரித்து எடுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரையைச் சாண் சாணாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன தகடு மண்சட்டியைத் தட்டியது போல மொத்தையாக ஒலிக்கும். மொத்தை ஒலி கேட்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். ஓட்டுநரின் காலடி, பேட்டரித் தட்டின் அடிப்பகுதி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பின்சக்கர வளைவின் உட்புறம் ஆகிய நான்கு இடங்களையும் விட்டுவிடாதீர்கள். அதன் பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஓரப்பட்டியைப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடமே நசுங்குகிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். தரையில் கையகலம் துரு என்றால் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கலாம். நான் எழுதுவது பட்டி பூசி மறைப்பதை அல்ல. கோபுரமும் ஓரப்பட்டியும் உறுதியாக இருந்தால் இந்தக் கார் இன்னும் பத்தாண்டு ஓடும் என்று தயங்காமல் சொல்வேன்.

நாற்கரச்சாலை (மதுரை) எழுதியது:

பட்டறைக்காரர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அவர் பேசியது வண்டியின் உயிரைப் பற்றி. நான் உள்ளே உட்காருபவர்களின் உயிரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 1996-இல் வந்த 800-இல் காற்றுப்பை (ஏர்பேக்) இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை, பின் இருக்கையில் பெரும்பாலும் இருக்கைப்பட்டையே இல்லை. இந்தியாவில் ஓட்டுநருக்கான காற்றுப்பையும் ஏ.பி.எஸ்ஸும் புதுக் கார்களில் கட்டாயமானது 2019-இல்தான். மோதல் சோதனை விதிகள் வந்ததும் 2017 முதல்தான். இன்று ஆறு காற்றுப்பைகளோடு வரும் சிறிய கார்கள் இருக்கின்றன. அறுநூற்றைம்பது கிலோ அளவுள்ள மெல்லிய காரில், கன்னியாகுமரியிலிருந்து வரும் நான்குவழிச் சாலையில், லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவே இரவில் போவதை நினைத்துப் பாருங்கள். தகடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது வடிவமைக்கப்பட்ட காலத்தின் உறுதிதான் அதற்கு உண்டு. துருவே பிடிக்காமல் ஷோரூமிலிருந்து நேற்று வந்தது போல் நின்றாலும் அந்தக் குறை தீராது.

காசு மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தைகளையும் வயதானவர்களையும் இதில் நெடுஞ்சாலைக்கு அழைத்துச் செல்லலாமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். புகையும் இருக்கிறது. 1995-இல் ஈயமில்லாப் பெட்ரோலும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் நான்கு பெருநகரங்களுக்கு மட்டும்தான் வந்தன; திருநெல்வேலியில் 1996-இல் பதிவான உங்கள் காரில் அந்தக் கன்வெர்ட்டர் இருக்க வாய்ப்பில்லை. மாசுச் சான்றுக்கான சோதனையிலும் இந்தத் தலைமுறைக் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி, பிற்காலத்து பி.எஸ். 4 மாசு விதிப்படி வந்த கார்களுக்கு அதே வரம்பு 0.3 சதவீதம்.

கணக்கன் (சென்னை) எழுதியது:

மதுரை நண்பரின் பாதுகாப்பு வாதம் வலுவானது, அதைப் பிறகு தொடுகிறேன். முதலில் பணக் கணக்கைப் போட்டுவிடலாம், ஏனென்றால் "பழைய கார் செலவு வைக்கும்" என்று சொல்பவர்கள் யாரும் எதிர்ப்பக்கத்துச் செலவை எழுதிப் பார்ப்பதில்லை.

ஜி.எஸ்.டி. குறைந்த பிறகும் நான்கு பேர் வசதியாகப் போகக்கூடிய புதுக் கார், தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு உட்பட்ட கார்களுக்கான 12 சதவீத வாழ்நாள் வரியும் காப்பீடும் சேர்ந்து, வீட்டு வாசலுக்கு வரும்போது ஐந்து லட்சத்தை ஒட்டி நிற்கும். அதில் 4 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபாய். வட்டி மட்டும் 98,000 ரூபாய்க்கு மேல் போகும். மறுபக்கம், ஐயாவின் கார் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 286 லிட்டர் பெட்ரோல். புதுக் கார் ஊருக்குள் 20 கொடுத்தால் 200 லிட்டர். ஓராண்டு முழுவதும் மிச்சமாகும் 86 லிட்டரின் விலை, ஒரே ஒரு மாதத் தவணைக்குத்தான் சரியாக இருக்கும். மீதிப் பதினோரு மாதத் தவணை கையிலிருந்து போக வேண்டும். பழைய காருக்கான மூன்றாம் நபர் காப்பீடு 1,000 சி.சி.க்கு உட்பட்டதற்கு 2,094 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மறுபதிவுக் கட்டணமான 10,000 ரூபாயை ஐந்தாண்டுக்குப் பிரித்தால் மாதத்துக்கு 170 ரூபாய்கூட வராது. ஆகவே, கட்டணம் ஏறிவிட்டது என்பது காரை விடுவதற்குக் காரணமாகாது.

புகையைப் பற்றி: இரண்டு வகை மாசைப் பிரித்துப் பேச வேண்டும். ஊர்க்காற்றைக் கெடுக்கும் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் பழைய காரில் பல மடங்கு அதிகம்; இதில் மதுரை நண்பரின் பக்கமே நியாயம் இருக்கிறது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைச் சரியாக டியூன் செய்து வைப்பது ஒன்றே இதற்கு நம்மால் முடிந்த மாற்று. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. 86 லிட்டர் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 200 கிலோ குறையும். ஆனால் இரும்பு உருக்கி, அலுமினியம் வார்த்து, பிளாஸ்டிக் அச்சடித்து ஒரு புதுக் காரை உருவாக்குவதற்கே சில டன் வெளியாகிறது. அதை நான்கு டன் என்று குறைத்து வைத்தாலும், ஈடுகட்ட இந்தக் குடும்பத்துக்கு இருபது ஆண்டுகள் ஆகும். தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடும், அவர் புதியது வாங்குவதே சரி. எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதைச் சொல்லாமல் "பழைய கார் சுற்றுச்சூழலுக்குக் கேடு" என்று பொதுவாகப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஐகான் ஓட்டுநர் (செங்கல்பட்டு) எழுதியது:

உதிரிபாகம் பற்றி ஒரு சொல். என்னிடம் இருப்பது 2003 ஃபோர்டு ஐகான். மறைமலை நகர் ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்ற பிறகு, எஞ்சின் பாகங்களைவிட முகப்பு விளக்கு, கதவுக் கைப்பிடி, ஜன்னல் ரப்பர் போன்ற சின்னச் சின்னச் சாமான்களுக்குத்தான் அதிகம் அலைய வேண்டியிருக்கிறது. மாருதி 800 லட்சக்கணக்கில் ஓடிய வண்டி; 1983 முதல் 2014 வரை முப்பது ஆண்டுகள் தயாரிக்கப்பட்டது. எனவே, "பழைய காரை வைத்திருக்கலாம்" என்ற இந்த இழையின் பேச்சை எல்லாக் கார்களுக்கும் பொருத்திவிடாதீர்கள். நாட்டில் எத்தனை வண்டி இன்னும் மிச்சம் இருக்கிறதோ அத்தனைக்குத்தான் கடைக்காரர் சரக்கு வைத்திருப்பார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. தில்லியில் பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்கிறார்களே, அது இங்கேயும் வந்தால் செய்த செலவெல்லாம் வீண்தானே?

கணக்கன் (சென்னை) எழுதியது:

தில்லித் தடை, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்து, உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும் உரியது. அங்கேயும் 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் தனியார் கார்களுக்கு அப்படி வயது வரம்பு இல்லை. இங்கே வண்டி தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம். பசுமை வரி கட்ட வேண்டும். நாளை விதி மாறலாம் என்ற அச்சத்துக்காக இன்றே ஐந்து லட்சம் செலவழிப்பது முன்யோசனை ஆகாது.

பட்டறைக்காரர் (கோவை) எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்தது. 1996 கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. கார்புரேட்டரிலும் அதே போல் உண்டு. பழைய ரப்பர் எத்தனாலில் ஊறினால் முதலில் உப்பும், பிறகு விறைத்து வெடிப்பு விழும். டாங்கியிலிருந்து வரும் ஹோஸைக் கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். மேலே எறும்பு ஊர்ந்த தடம் போல நுண்ணிய கீறல்கள் தெரிந்தாலோ, விரலில் கறுப்பாக ஒட்டினாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. பெட்ரோல் சூடான எஞ்சின் மீது சொட்டினால் வண்டியே எரிந்துபோகும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், புது டயஃப்ரம் கிட், புது ஃபில்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். சென்னையை அடுத்த யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனி தொழில்நுட்பத்தில் செய்த கார்புரேட்டர்தான் இந்தக் கார்களில் வந்தது, அதைப் பிரித்துக் கழுவத் தெரிந்த பழைய மெக்கானிக் உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார்.

மைலேஜும் கொஞ்சம் குறையும். எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனாலுக்காக வடிவமைக்கப்படாத கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. தவிர, எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குறைவாக ஓடும் வண்டிக்கு இது கூடுதல் தொல்லை. மழைக்காலத்தில் கால் டாங்கி பெட்ரோலோடு வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் அடியில் தண்ணீர் சேரும். நிறைய ஓட்டப்போவதில்லை என்றால் அளவாகப் போட்டு, வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள்.

டயரையும் பாருங்கள். குறைவாக ஓடும் காரில் பட்டன் (தரையைப் பற்றும் மேல்வரிகள்) அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகிவிடும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2217 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. பார்ப்பதற்குப் புதிதாக இருக்கிறதே என்று அதில் மதுரைக்குப் போகாதீர்கள்.

பொருநைக்கரை (திருநெல்வேலி) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி தரைவிரிப்பை உரித்துப் பார்த்தோம். ஓட்டுநர் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஸ்க்ரூடிரைவர் இறங்கிவிட்டது. முன்கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகிய மழைத்தண்ணீர் தரைவிரிப்பின் அடியில் தங்கி அரித்திருக்கிறது. பேட்டரித் தட்டின் அடியில் பெயிண்ட் உரிந்து மேல்துரு மட்டும் இருக்கிறது. இரண்டு கோபுரங்களும் ஓரப்பட்டிகளும் கணீரென்றுதான் ஒலிக்கின்றன, ஜாக்கி வைத்த இடம் அசையவில்லை. பெட்ரோல் ஹோஸ் பட்டறைக்கார அண்ணாச்சி எழுதியது போலவே கீறல் விழுந்து கிடந்தது, அன்றே மாற்றிவிட்டோம். டயர் நான்கும் 2016-இல் செய்தவை.

காரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் மதுரை நண்பர் கேட்ட கேள்வியைக் கணக்கால் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எனவே, இந்தக் கார் இனி ஊருக்குள்ளும் பகல் நேரத்தில் பக்கத்து ஊர்களுக்கும் மட்டும்தான். மதுரைக்கோ அதற்கு அப்பாலோ குடும்பத்தோடு போவதென்றால் ரயில், இல்லாவிட்டால் வாடகைக் கார். மிச்சமாகும் தவணைப் பணத்தில் ஆண்டுக்குப் பல முறை வாடகைக் கார் எடுக்கலாம்.

நாற்கரச்சாலை (மதுரை) எழுதியது:

இந்த ஏற்பாடு எனக்கு மனநிறைவு தருகிறது. ஒரு வேண்டுகோள்: ஊருக்குள்தான் என்றாலும் பின் இருக்கைக்குப் பட்டை பொருத்துங்கள். பாடியில் அதற்கான நட்டு வைத்த துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெறும் தகட்டில் துளையிட்டு மாட்டினால் மோதும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். முன் இருக்கைப் பட்டைகள் முப்பது ஆண்டு வெயிலில் நைந்திருக்கும், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பட்டறைக்காரர் (கோவை) எழுதியது:

பின் இருக்கைப் பட்டை பற்றி அவர் சொன்னது மிகச் சரி. துளை இல்லையென்றால் உள்ளே தடித்த தகடு வைத்துப் பற்றவைத்த பிறகே மாட்ட வேண்டும், அதைத் தரை வெல்டிங்கோடு சேர்த்தே செய்துகொள்ளலாம்.

வேலையின் வரிசை முக்கியம் ஐயா. முதலில் முன்கண்ணாடி ரப்பரை மாற்றுங்கள். ஒழுக்கு நிற்காமல் தகடு வைத்தால் மூன்றே மழைக்காலத்தில் மறுபடி அரிக்கும். அடுத்தது வெல்டிங். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் பைப் போகும் இடத்தை விலக்கிவிட்டு, அரித்த பகுதியை நல்ல தகடு தெரியும் வரை வெட்டச் சொல்லுங்கள். பழைய துருவின் மேலேயே தகட்டை ஒட்டிவைப்பார்கள், அருகில் நின்று பாருங்கள். பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் பெயிண்ட், கடைசியில்தான் அடியில் அண்டர்கோட்டிங். துருவை எடுக்காமல் கறுப்புத் தாரை அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டு வேகமாக அரிக்கும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். பெயிண்ட் அடிப்பவர் அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கார்புரேட்டரை டியூன் செய்து மாசுச் சான்று வாங்கிக்கொண்டு, சான்று முடிவதற்கு முந்தைய அறுபது நாட்களுக்குள் படிவம் 25-ஐப் போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை வரும், டிங்கரிங் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வெல்டிங் வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.